டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியபின் கிளம்பாத கார்: உதவி தேவை

பினாங்கு, ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன். கார் இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதைக் கற்றுக்கொள்வதற்காக, அப்பா விட்டுச்சென்ற 1994ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா இஸ்வாராவை இரண்டு மாதங்களாகக் கழற்றிப் பழகுகிறேன், 1.3 லிட்டர், கார்புரேட்டர் வகை. சென்ற சனிக்கிழமை, தீப்பொறி பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரத்தை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துத் துடைத்தேன். அது இருந்த நிலையைக் குறித்து வைக்காதது என் தவறு. அன்றிலிருந்து சாவியைத் திருப்பினால் இயந்திரம் சுழல்கிறதே தவிர, பற்றிக்கொள்வதில்லை. இடையிடையே கார்புரேட்டர் வழியாக ‘டப்’ என்று வெடிக்கிறது.

பேட்டரி புதியது. நான்கு பிளக்குகளிலும் தீப்பொறி வருகிறது, முனைகள் பெட்ரோலில் நனைந்தும் இருக்கின்றன. வயர்களை, சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 என்ற வரிசையில் இருமுறை சரிபார்த்தேன். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கப்பியின் வெட்டுக்குறியை, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ‘டி’ குறிக்கு நேராக நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரை முதல் வயரை நோக்கி வைத்தும் பயனில்லை.

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது வால்வுகளையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் இயக்கும் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும் என்பதையும், அதனால் பிஸ்டன் அழுத்த வீச்சின் முடிவில் மட்டுமன்றிப் புகையை வெளியேற்றும் வீச்சின் முடிவிலும் அதே உச்சிக்கு வரும் என்பதையும் பிறகுதான் படித்தறிந்தேன். ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரை நேரெதிராகப் பொருத்திவிட்டேனோ என்று ஐயுறுகிறேன். போர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) காரை இழுத்துச் செல்லலாம். ஆனால் நான் கற்பது அத்தோடு நின்றுவிடும்.

வால்வு மூடியைத் திறக்காமல், முதல் சிலிண்டர் அழுத்த வீச்சின் உச்சியில்தான் நிற்கிறது என்பதை எவ்வாறு உறுதிசெய்வது?