ஷேர்பாயிண்ட் 2019: பேக்கப் இருக்கிறது, முழுதாக மீளவில்லை

கோவையில் எங்கள் அலுவலக ஷேர்பாயிண்ட் 2019 (ஃபைல்கள், பட்டியல்களைப் பகிரும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) நான்கு சர்வர்களில் ஓடுகிறது: வெப் 2, ஆப் 1, டேட்டாபேஸுக்கான எஸ்க்யூஎல் 1. தினமும் இரவு எல்லா டேட்டாபேஸும் பேக்கப் ஆகிவிடும். அது போதும் என்றே நம்பியிருந்தேன்.

போன சனிக்கிழமை தனி சர்வர்களில் மீட்டுப் பார்த்தேன். அமைப்பு விவரங்கள் உள்ள கான்ஃபிக் டேட்டாபேஸை ஏற்றியும் ஃபார்ம் (ஷேர்பாயிண்ட் சர்வர்களின் தொகுப்பு) எழவே இல்லை. அந்த டேட்டாபேஸுக்குள் பழைய சர்வர் பெயர்கள்தான் இருக்கின்றன. சரி என்று புது ஃபார்ம் அமைத்து, ஃபைல்களும் பட்டியல்களும் இருக்கும் கன்டென்ட் டேட்டாபேஸை இணைத்தேன். தளம் திறந்தது, ஃபைல்கள் பத்திரம். ஆனால் கொள்முதல் பட்டியலைத் திறந்தால், மெட்டாடேட்டாவிலிருந்து (பொதுச் சொற்பட்டியல்) வரும் 'துறை' கட்டங்கள் சாம்பல் நிறத்தில் முடங்கிக் கிடக்கின்றன. பழைய சர்ச் டேட்டாபேஸ்களை ஏற்றியும், எதைத் தேடினாலும் வெறும் பக்கம்தான்.

மெட்டாடேட்டா, சர்ச், கன்டென்ட் மூன்றையும் எந்த வரிசையில், எந்த முறையில் மீட்டால் எல்லாம் சரியாக எழும்?