புதுப்பிப்பு: முத்தையன்கட்டுக் குரங்குக் கணக்கு

2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு இலங்கை முழுக்க ஐந்து நிமிடம் விலங்குகளை எண்ணினோமே, அன்று முல்லைத்தீவு மாவட்டம் முத்தையன்கட்டில் எங்கள் வளவில் நின்ற குரங்குக் கூட்டத்தையே பக்கத்து வீட்டாரும் எழுதிக் கொடுத்தார்கள் என்று முன்பு சொல்லியிருந்தேன். சரியாக எண்ணுவது எப்படி என்றும் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடியே மூன்று காலை எண்ணிப் பார்த்தோம்.

விடிய முன்னம் போக வேண்டும். குரங்குகள் படுத்த மரத்தை விட்டு இறங்கி வாய்க்காலை ஒவ்வொன்றாகத்தான் தாண்டும். அந்த இடத்தில் எண்ணினால் கணக்குப் பிழைக்காது. முதல் நாள் 19. அடுத்த இரண்டு நாளும் 23. தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்த குட்டிகளை முதல் நாள் தவற விட்டிருக்கிறோம். ஒரு கடுவனுக்கு வால் நுனி இல்லை. அதை வைத்துத்தான் குளக்கட்டில் திரிவதும் தென்னந்தோட்டத்துக்கு வருவதும் ஒரே கூட்டம் என்று பிடிபட்டது. இரண்டு கூட்டமென்றே இத்தனை நாளும் நினைத்திருந்தோம்!

செங்குரங்கையும் மந்தியையும் தயவுசெய்து சேர்த்து எழுதாதீர்கள். கறுத்த முகமும் நீண்ட வாலும் மந்திக்கு. உச்சந்தலையில் மயிர் சுழியாக விரிந்திருந்தால் செங்குரங்கு. இலங்கையில் மட்டுமே வாழும் இனம், அழியும் ஆபத்திலும் இருக்கிறது.

என் தென்னையும்தான் போகிறது, கோபம் இருக்கிறது. ஆனால் எத்தனை கூட்டம், எங்கே படுக்கிறது என்று தெரியாமல் பிடித்துப் போய் வேறு காட்டில் விட்டால் அடுத்த ஊருக்குத்தான் தலையிடி.

சரி, அடுத்த கிழமை ஒட்டுசுட்டான் பக்கம். ஒரே நேரத்தில் இரண்டு குழுவாக நின்று எண்ணப் போகிறோம்.