மிக்சர் மெயின் அவுட்ட ரீப்பர்ல திருப்பி ரெக்கார்ட் பண்ணா ஊளையிடுது, எங்க தப்பு?

மதுர_மிக்சு:

வணக்கம் மக்களே. ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர்ட்ட இருந்து பழைய அலென் அண்ட் ஹீத் மிக்ஸ்விசார்ட் 16 சேனல் மிக்சர் ஒண்ணு வாங்கிட்டேன், என்ன வெலன்னு வீட்ல இன்னும் சொல்லல. ஏற்கனவே ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 ஆடியோ இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டருக்குள்ள சத்தத்த கொண்டு போற, வெளிய எடுக்கற பெட்டி) இருக்கு, அது கூட ஏடாட் கேபிள்ல (எட்டு சேனல் டிஜிட்டலா போற ஒளி கேபிளு) பெரிஞ்சர் ஏடிஏ8200ங்கற கன்வர்ட்டர் (சத்தத்த டிஜிட்டலாவும் திரும்ப சத்தமாவும் மாத்தற பெட்டி) மாட்டியிருக்கேன். 18ஐ20யோட லைன் அவுட் 3லருந்து 10 வரைக்கும் மிக்சர் சேனல் 1லருந்து 8க்கு போகுது, ஏடிஏவோட எட்டு அவுட்டும் 9லருந்து 16க்கு போகுது, மிக்சரோட மெயின் எல் ஆர் எக்ஸ்எல்ஆர் கேபிள்ல திரும்ப 18ஐ20 பின்னாடி இன்புட் 7, 8க்கு வருது, அதத்தான் ரீப்பர்ல (கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர்) ஒரு டிராக்ல ரெக்கார்ட் பண்ணி ஃபைனல் மிக்ஸா எடுக்கணும்னு பிளான்.

நடக்கறது என்னன்னா, அந்த டிராக்க ஆர்ம் பண்ணின (ரெக்கார்டிங்குக்கு தயார் பண்ணின) உடனே ஊஊஊன்னு ஒரு ஊளை, ஸ்பீக்கர் போயிரும்போல இருக்கு. ஊளையிடாதப்பவும் ரெக்கார்டிங் கரகரன்னு உடைஞ்சு வருது, கெயின முழுசா கொறச்சும் சிவப்பு லைட்டு எரியுது. இன்னொண்ணு, இது ஒரு கச்சேரி ரெக்கார்டிங், மிருதங்கத்துக்கு தொப்பிக்கு (எடது பக்கம்) ஒரு மைக் வலந்தலைக்கு (வலது பக்கம்) ஒரு மைக், ரீப்பருக்குள்ளயே கேட்டா ஜம்முனு இருக்கு, மிக்சர் வழியா வந்தா டப்பாக்குள்ள உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்கு, சாப்புங்கற கூரான அடி விழற எடத்துல கூர்மையே இல்ல. லேசா ஒரு ஹம் வேற. யாராச்சும் வழி சொல்லுங்க.

ஃபேடர்_பாண்டி:

ஊளைக்கு காரணம் லூப் தம்பி. மிக்ஸ் எடுக்கற டிராக்க ஆர்ம் பண்ணா இன்புட் மானிட்டர் ஆன் ஆகும், அந்த டிராக் ரீப்பரோட மாஸ்டருக்கு (எல்லா டிராக்கும் சேர்ற கடைசி அவுட்டு) போகும், உங்க மாஸ்டர் எந்த அவுட்டுக்கு போகுதுன்னு பாத்தீங்களா? 3, 4க்கு போச்சுன்னா அது நேரா மிக்சர் சேனல் 1, 2க்கு போயி மெயின் வழியா திரும்ப அதே டிராக்குக்கு வந்துரும், பாம்பு வாலக் கடிச்ச கதைதான்.

செய்ய வேண்டியது இதான். மிக்சருக்கு போற ஒவ்வொரு டிராக்லயும் ரூட்டிங் பட்டன அமுக்கி மாஸ்டர் சென்ட் டிக்க எடுத்துட்டு, ஹார்ட்வேர் அவுட்புட்ல அதுக்குரிய ஒத்த சேனல மட்டும் குடுங்க, மோனோவா. ஸ்டீரியோ டிராக்கா இருந்தா ரெண்டு அவுட்டு, மிக்சர்ல ஒண்ண முழு லெஃப்ட் ஒண்ண முழு ரைட் திருப்பிருங்க. மிக்ஸ் எடுக்கற டிராக்குக்கும் மாஸ்டர் சென்ட் ஆஃப், அது அவுட் 1, 2க்கு மட்டும் போகட்டும், அதுலதான ஸ்பீக்கர் இருக்கு? அப்ப நீங்க கேக்கறது மிக்சர விட்டு வந்து கன்வர்ட்டருக்குள்ள நுழைஞ்ச சத்தம், அதாவது ரெக்கார்ட் ஆகப்போற அதே சத்தம். மொத தடவ ஆர்ம் பண்றப்ப ஸ்பீக்கர் சவுண்ட கொறச்சு வெச்சுக்கங்க.

கரகரப்புக்கு வேற காரணம். 18ஐ20 பின்னாடி இருக்கறது காம்போ சாக்கெட், அதுல எக்ஸ்எல்ஆர் சொருகினா மைக் ப்ரீஆம்புக்கு (மைக்கோட சின்ன சிக்னல பெருசாக்கற எடம்) போகும், பெரிய டிஆர்எஸ் ஜாக் சொருகினாத்தான் லைன் இன்புட். மிக்சர் மெயின் அவுட்டோட லைன் லெவல மைக் ப்ரீஆம்ப்ல கொண்டு போய் கொட்டுனா கெயின் சைபர்ல இருந்தாலும் தாங்காது. ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர் ஃபீமேல், மறு பக்கம் டிஆர்எஸ் உள்ள கேபிளு ரெண்டு வாங்குங்க.

கேபிள்_கோவிந்து:

பாண்டி அண்ணன் சொன்னதோட லெவல் பத்தி ஒண்ணு. எல்லாரும் மைனஸ் 18 டிபிஎஃப்எஸ்னா (டிஜிட்டல் மீட்டர் அளவு) சைபர் வியூன்னு (மிக்சர் மீட்டரோட சைபர்) மந்திரம் மாதிரி சொல்லுவாங்க, அது முழு ஸ்கேல்ல பிளஸ் 22 டிபியு (வோல்ட்ட சொல்ற டெசிபல் அளவு) தர்ற கன்வர்ட்டருக்குத்தான் சரி. நம்ம பட்ஜெட் இன்டர்ஃபேஸ் நெறைய அவ்வளவு தராது, அதனால எங்க நிக்குதுன்னு நாமளே அளந்துக்கணும். சைபர் வியூங்கறது வழக்கமா பிளஸ் 4 டிபியு, அதாவது 1.228 வோல்ட். ரீப்பர்ல ஒரு சைன் டோன் போட்டு, கேபிள் முனைல 2ஆவது பின்னுக்கும் 3ஆவது பின்னுக்கும் நடுவுல மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வெச்சு பாருங்க, கிரவுண்டுக்கும் ஹாட்டுக்கும் (2ஆவது பின்) நடுவுல அளக்காதீங்க. டிஆர்எஸ்னா டிப்பும் ரிங்கும். டோன் 1000 ஹெர்ட்ஸ் வேணாம், 100 போடுங்க, மலிவு மீட்டருங்க மேல போகப்போக பொய் சொல்லும். டோன ஏத்தி எறக்கி 1.23 வர்ற எடத்துல ரீப்பர் மீட்டர் என்ன காட்டுதுன்னு ஒரு மாஸ்கிங் டேப்ல எழுதி மிக்சர் மேல ஒட்டிருங்க. 18ஐ20 அவுட்டுக்கு ஒரு தடவ, ஏடிஏவுக்கு ஒரு தடவ, ரெண்டும் ஒண்ணா இருக்கும்னு நம்பிறாதீங்க.

ரீவைண்ட்:

ப்ரோ தப்பா நெனைக்காதீங்க, 16 சேனல வெளிய அனுப்பி, கூட்டி, திரும்ப உள்ள கொண்டு வந்து என்ன கெடைக்குது? கூட்டல் கணக்க கம்ப்யூட்டர் தப்பில்லாம போடும். போதாக்கொறைக்கு நாளைக்கு பாடகர் வந்து வயலின கொஞ்சம் கொறைங்கன்னு சொன்னா எல்லா நாபையும் பழைய எடத்துக்கு திருப்பணும்.

ஃபேடர்_பாண்டி:

கூட்டல் கணக்குக்காக யாரு பண்றா. ரெண்டு கைல ஆறு ஃபேடர ஒரே நேரத்துல தள்றப்ப வர்ற மிக்ஸ், மவுஸ்ல ஒவ்வொண்ணா இழுக்கறப்ப எனக்கு வர்றதில்ல, அவ்வளவுதான். நாப் விஷயம் நெசந்தான். எஸ்எஸ்எல் 4000ங்கற பெரிய ஸ்டுடியோ மிக்சர்ல டோட்டல் ரீகால்னு இருந்துச்சு, அதுவே நாப் எங்க இருந்துச்சுன்னு ஸ்கிரீன்ல காட்டும், திருப்பறது நம்ம கைதான். மிக்ஸ் முடிஞ்சதும் ஃபோன்ல வரிசையா ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

லண்டன்_சுதன்:

தம்பி, மிருதங்கத்தின்ர ரெண்டு மைக்கும் மிக்சரில எந்தச் சேனலுக்குப் போகுது எண்டு சொல்லேல்லையே. ஒண்டு 8, மற்றது 9 எண்டால் பிரச்சினை அங்கதான். ஒண்டு 18ஐ20இன்ர கன்வர்ட்டராலயும் மற்றது ஏடாட் கேபிளால போய் ஏடிஏயின்ர கன்வர்ட்டராலயும் வெளியில வருது, ரெண்டுக்கும் தாமதம் ஒரே அளவில்லை. 48 ஆயிரம் சாம்பிள் ரேட்டில 24 சாம்பிள் பிந்தினால் அரை மில்லிசெகண்ட், ஒரே சத்தம் சம அளவில அப்பிடிச் சேர்ந்தால் 1000 ஹெர்ட்ஸில குழி விழும், பிறகு 3000, 5000 எண்டு போய்க்கொண்டே இருக்கும். சாப்பின்ர கூர்மை எல்லாம் அந்தப் பக்கத்திலதானே இருக்கு. ஒரே வாத்தியத்தின்ர மைக் எல்லாத்தையும் ஒரே பெட்டியால வெளியில விடுங்கோ. சந்தேகம் எண்டால் ஒரு கிளிக் சத்தத்தை ரெண்டு வழியாலயும் ஒரே நேரத்தில அனுப்பி, மிக்சரில ஒண்டை லெஃப்ட் மற்றதை ரைட் எண்டு திருப்பி ரெக்கார்ட் பண்ணி, வேவ்ஃபார்மைப் பெரிசாக்கிப் பாருங்கோ.

ஏடிஏக்குப் பின்னால இருக்கிற சிங்க் சுவிட்ச் ஏடாட் இன்னில நிக்குதோ எண்டும் பாருங்கோ, ரெண்டு பெட்டியும் தன்ர தன்ர கிளாக்கில (சாம்பிள் எடுக்கிற நேரக் கணக்கில) ஓடினால் இடைக்கிடை டிக் டிக் எண்டு கேக்கும்.

ஹம்முக்கு: லேப்டாப் சார்ஜரைக் கழட்டி பேட்டரியில ஓட்டிப் பாருங்கோ. எல்லாத்தையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில குத்துங்கோ, அன்பேலன்ஸ்ட் கேபிள் எங்கயும் கிடந்தால் மாத்துங்கோ. ஆரும் பிளக்கின்ர ஏர்த் பின்னைக் கழட்டச் சொன்னால் கேக்காதேங்கோ, அது உங்கட உயிருக்காக இருக்கிறது.

மதுர_மிக்சு:

அண்ணே எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க, சத்தியமா தொப்பி 8லயும் வலந்தலை 9லயும்தான் இருந்துச்சு. கிளிக் போட்டு பாத்தேன், ரெண்டு கோடும் ஒட்டாம தள்ளித் தள்ளி நிக்குது. மிருதங்கத்த 9, 10க்கு மாத்திட்டு தம்புராவ 8க்கு கொண்டு வந்தேன், சாப்பு பழையபடி சுள்ளுன்னு விழுது. அதே மாதிரி வயலினுக்கு கிட்ட வெச்ச ஸ்பாட் மைக்கும் மேடைக்கு முன்னாடி வெச்ச ஸ்டீரியோ மைக்கும் வேற வேற பெட்டில இருக்கு, அத என்ன பண்றது?

பாண்டி அண்ணே, மாஸ்டர் 3, 4க்குதான் போயிட்டு இருந்துச்சு, நான்தான் மொத நாளு சும்மா மிக்சர டெஸ்ட் பண்ணப்ப மாத்திட்டு மறந்துருக்கேன். இப்ப ஊளை இல்ல. கேபிள் நாளைக்குதான் கெடைக்கும்.

லண்டன்_சுதன்:

தூர இருக்கிற மைக்குக்கு ஏற்கனவே காத்தில வாற தாமதம் இருக்கு, ஒரு அடிக்கு கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட், அதுக்கு முன்னால இது ஒண்டுமில்லை, விடுங்கோ. மனசு கேக்கேல்லை எண்டால், கிளிக் வேவ்ஃபார்மில எத்தினை சாம்பிள் வித்தியாசம் எண்டு எண்ணி, முந்தி வாற பெட்டிக்குப் போற டிராக் எல்லாத்துக்கும் ரீப்பரின்ர டைம் அட்ஜஸ்ட்மென்ட் பிளகின் போட்டு அவ்வளவு பிந்தவையுங்கோ.

மதுர_மிக்சு:

போட்டுட்டேன், ரெண்டு கிளிக்கும் ஒரே கோட்ல நிக்குது. கேபிளும் வந்துருச்சு, கரகரப்பு போச்சு. ஹம் சார்ஜரால வந்ததுதான், கழட்டினா சுத்தமா நின்னுருது, மிக்ஸ் எடுக்கறப்ப மட்டும் பேட்டரில ஓட்டிக்கறேன், என் லேப்டாப்பு ஒரு மணி நேரம் தாங்கும், கச்சேரில பெரிய ராகமே நாப்பது நிமிஷந்தான்.