மறுமொழி: பாசனக் கடனில் வரும் 'டெவலப்மென்ட் பீரியட்' – 'பண்படுகாலம்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் பாசன அணைகளுக்கு அந்நாட்டு அரசு வகுத்த கடன் விதிகளைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். மற்ற சொற்கள் ஓரளவு அமைந்துவிட்டன. 'டெவலப்மென்ட் பீரியட்' என்ற இந்த ஒரு சொல்லில்தான் ஒரு வாரமாக நிற்கிறேன்: புதிதாகத் தண்ணீர் பெற்ற நிலத்துக்கு, அணை கட்டிய செலவின் தவணையைக் கேட்காமல் விடும் தொடக்க ஆண்டுகளுக்கு அந்தப் பெயர். பரிந்துரை அனுப்பிய இருவருக்கும் நன்றி.

> 'வளர்ச்சிக் காலம்' என்று நேராகவே போட்டுவிடலாமே?

ஐயா, கடன் பத்திரத்தில் அப்படிப் படித்தால் எது வளர்கிறது என்று தெரியவில்லை. பயிர் வளரும் காலம் என்றும் கொள்ளலாம், வட்டி வளரும் காலம் என்றும் கொள்ளலாம்.

> வங்கிகளே 'சலுகைக் காலம்' என்கின்றன. புதுச்சொல் எதற்கு?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அம்மா. அமெரிக்காவின் 1902ஆம் ஆண்டுப் பாசனச் சட்டத்தில் அணைக்கும் வாய்க்காலுக்கும் ஆன செலவை விவசாயிகள் வட்டியில்லாமல் 10 ஆண்டுத் தவணைகளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று வைத்தார்கள். வட்டியே இல்லை, ஆனாலும் கட்ட முடியவில்லை. வறண்டு கிடந்த நிலம் அது. புதர் அழிக்க வேண்டும், சமன்படுத்த வேண்டும், மடையும் வரப்பும் புதிதாகப் போட வேண்டும். கையிருப்பு எல்லாம் அதிலேயே கரைந்தது. 1914இல் 20 ஆண்டு ஆக்கினார்கள், 1926இல் 40 ஆண்டு. ஆண்டுகளை நீட்டினார்களே தவிர, தொடக்கத்தில் இருந்த நெருக்கடியைச் சரியாகத் தொட்டது 1939ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஒரு பாசனப் பகுதிக்கு முதன்முதலில் தண்ணீர் வந்த ஆண்டிலிருந்து 10 ஆண்டு வரை கட்டுமானச் செலவுக்கான தவணை கிடையாது, அதன் பிறகு 40 ஆண்டுத் தவணை தொடங்கும் என்றது. அந்த முதல் பத்தாண்டுக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்தப் பத்தாண்டும் விவசாயி சும்மா தண்ணீர் வாங்கவில்லை. ஆண்டுதோறும் நிர்ணயிக்கிற தண்ணீர்க் கட்டணத்தை, தண்ணீர் வருவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். முதலுக்கான தவணை மட்டும்தான் தள்ளி நிற்கிறது. அப்படியிருக்க 'சலுகை' என்றால், கொடுத்தவர் மனமிரங்கி விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடுகிறது. விளையாத நிலத்திலிருந்து தவணை வராது என்று தெரிந்து எழுதிய நிபந்தனையை இரக்கம் என்று பெயர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, கணக்கு எங்கே தொடங்குகிறது என்பது. அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் குறுக்கே உள்ள கிராண்ட் கூலி அணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1940களின் தொடக்கத்திலேயே கட்டி முடித்தாயிற்று. போர் வந்தது, மின்சாரம் முந்திக்கொண்டது. கொலம்பியா படுகை வயல்களுக்கு அந்த அணையின் தண்ணீர் பெருமளவில் போய்ச் சேர்ந்தது 1952இல். அணை முடிந்த நாளிலிருந்து எண்ணியிருந்தால், வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போதே பத்தாண்டும் கழிந்திருக்கும்.

நம் நாட்டில் 1883ஆம் ஆண்டு நில மேம்பாட்டுக் கடன் சட்டம் வேறு மாதிரி எண்ணியது. கிணறு, ஏரி போன்ற நீர்த்தேக்க வேலைகளுக்கு அரசு கொடுத்த கடன் அது. தக்காவி என்றால் ஊரில் பெரியவர்களுக்குத் தெரியும். கடனின் கடைசிப் பகுதி கைக்கு வந்த நாளிலிருந்து அதன் தவணைக் காலம் ஓடும், சாதாரணமாக 35 ஆண்டுக்கு மேல் போகாது. வேலை எத்தனை காலம் நிலைக்கும், உடனே பலன் பெறும் தலைமுறையே செலவை ஏற்பது பொருந்துமா என்று பார்த்துக் காலத்தை வகுக்கச் சொன்ன நல்ல சட்டம்தான். ஆனால் கடிகாரத்தைப் பணத்தில் வைத்தது, தண்ணீரில் வைக்கவில்லை.

அந்த வேறுபாடு எனக்கு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. எங்கள் வீட்டில் கிணறு வெட்டக் கடன் வாங்கியபோது, மோட்டாருக்கு மின் இணைப்பு வருவதற்கு முன்பே முதல் தவணைச் சீட்டு வந்துவிட்டது. அப்பா அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். முதலில் 'புதுநீர்க் காலம்' என்று நினைத்தேன். கேட்க அழகாக இருந்தாலும் புதுநீர் என்றால் ஆடியில் ஆற்றில் வரும் வெள்ளம்தான் பலருக்கு நினைவு வரும். அப்புறம் எங்கள் பக்கத்துப் பேச்சிலிருந்தே ஒன்று கிடைத்தது. புதிதாகத் திருத்திய காட்டைப் பற்றிக் கேட்டால், 'நிலம் பண்பட்டு வர நாலு வெள்ளாமை ஆகும்' என்பார்கள். அதிலிருந்து 'பண்படுகாலம்'. சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகை. பண்படுகிற, பண்பட்ட, பண்படும் என்று மூன்று காலத்துக்கும் ஒத்து வருகிறது. நிலம், வாய்க்கால், விவசாயியின் கைப்பழக்கம் மூன்றுக்குமே பொருந்துகிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'தண்ணீர் வந்த ஆண்டு முதல் பத்தாண்டு பண்படுகாலம். அதில் தண்ணீர்க் கட்டணம் உண்டு, முதல் தவணை இல்லை.' இங்கே 'முதல் தவணை' என்பது முதலாவது தவணை என்று மயங்குகிறது. 'முதலீட்டுத் தவணை' என்றும் எழுத முடியாது, பொருள் மாறிவிடும். 'கட்டுமானத் தவணை' என்று வைத்திருக்கிறேன்.

'சலுகைக் காலம்' அப்படியே இருக்கட்டும். நபார்டு வங்கி மாநில அரசுகளுக்குக் கடன் தரும் ஊரகக் கட்டமைப்பு நிதியில் ஏழாண்டுக் கடனின் முதல் இரண்டு ஆண்டுக்கு அது சரியான சொல். தண்ணீர் வரவை வைத்து எண்ணும் இடத்துக்கு மட்டும் பண்படுகாலம் போதும்.

'பண்பாடு' என்ற சொல்லோடு குழம்பும் என்று யாராவது நினைத்தால் சொல்லுங்கள். நான் நினைக்கவில்லை, இரண்டுக்கும் வேர் ஒன்றே. இன்னொன்று: விவசாயியால் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கிட்டுத் தவணை வைப்பதை 'எபிலிட்டி டு பே' என்கிறார்கள். 'செலுத்துதிறன்' என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். அது கணினியின் வேகத்தைச் சொல்வது போல ஒலிக்கிறது. வேறு சொல் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.