டாக்டரிடம் மறைக்கும் அந்த ஒரு பதில்

யீஷூன் அம்மு:
என்னோடு ஷிப்ட் பார்க்கும் தங்கச்சி ஒருத்திக்குப் பீரியட்ஸ் வந்தால் நிமிரவே முடியாது. பனடால் வலி மாத்திரை போடுவாள், பிறகு கீழே போய் ஒரு சிகரெட். "இது இல்லாட்டி தாங்காதுக்கா" என்பாள். பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். "புகைப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு "இல்லை" என்றாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அப்புறம்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும்; கர்ப்பப்பை இறுகும் நேரத்தில் அங்கே ரத்த ஓட்டம் குறைந்தால் வலி கூடலாம் என்று விளக்கினாராம். நம் பெண்கள் இதை வாய்திறந்து சொல்லப் பயப்படுவதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

செங்காங் கலா:
மறைத்தால் உயிருக்கே ஆபத்து, அம்மு. என் நாத்தனாருக்கு வயது 37. நாள் தள்ளித் தள்ளி வருகிறது, ஒழுங்காக வர மாத்திரை வேண்டும் என்று கேட்கப் போனாள். சிகரெட் பழக்கத்தைச் சொன்னதால் டாக்டர் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையைத் தரவில்லை. 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்களுக்கு அதனால் ரத்தக்கட்டி, மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாளா? நாள் தவறுவதற்குத் தைராய்டு, நீர்க்கட்டி என்று வேறு காரணமும் இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். எல்லாப் பழியையும் சிகரெட் மேலேயே போட்டுவிட்டு இந்தச் சோதனைகளை விட்டுவிடாதீர்கள்.

உட்லண்ட்ஸ் தேவி:
நானும் புகைத்தவள்தான், விட்டுவிட்டேன். புகைப்பவர்களுக்கு மாதவிடாய் ஓரிரு வருடம் முன்னதாகவே நின்றுபோகலாம் என்று நர்ஸ் சொன்னது என்னை உலுக்கியது. எலும்புக்கும் அது நல்லதில்லை. வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாறினால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் அதே நிகோடின்தான், அதோடு இங்கே சிங்கப்பூரில் அதை வைத்திருந்தாலே குற்றம். விட்ட புதிதில் எரிச்சலும் தூக்கமின்மையும் படுத்தின, பீரியட்ஸுக்கு முந்தின நாட்களில் இன்னும் மோசம். நிகோடின் பட்டை ஒட்டிக்கொண்டு சமாளித்தேன். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 1800 438 2000 எண்ணில் பேசியதும் உதவியது.

அம்மு, அந்தத் தங்கச்சிக்குச் சம்மதம் என்றால் என் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து கூப்பிட்டாலும் எடுப்பேன்.