கேட்காமலேயே ஆல்பத்தை விற்கும் ஆன்லைன் கடை: எப்படி நீக்க வைப்பது?

கேள்வி: சொந்தமாக வெளியிட்ட ஆல்பம், அனுமதி இல்லாமல் ஒரு கடையில் விற்பனையில் இருக்கு. யாருக்கு எழுதணும்?

பதில் 1: சண்டைக்குப் போகும் முன் பாட்டின் ஐஎஸ்ஆர்சி எண்ணைப் பாருங்க (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் அடையாளக் குறியீடு; எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள்). உங்க எண்ணேதான் என்றால், உங்க பாட்டைக் கடைகளுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரே அனுப்பியிருக்க வாய்ப்பு அதிகம். "எல்லாக் கடைகளும்" என்ற பெட்டியை டிக் செய்தால் வரும் வினை இது. டிஸ்ட்ரிபியூட்டர் தளத்தில் உங்க கணக்குப் பக்கத்தில் (டாஷ்போர்டு) அந்தக் கடையை மட்டும் எடுத்துவிடுங்க.

பதில் 2: வேறு எண் என்றால் கடைக்கு எழுத்தில் நோட்டீஸ்தான். இந்தியாவில் 2013 பதிப்புரிமை விதிகள், விதி 75. கடை 36 மணி நேரத்தில் முடக்கணும். 21 நாளில் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறக்கலாம். பலர் கோட்டைவிடுவது இந்த 21 நாளில்தான். நோட்டீஸில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனி லிங்க் கொடுங்க.

பதில் 3: அதற்கு முன்னாடி விலையும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட். பக்கம் போனபின் பணம் கேட்க ஆதாரம் இருக்காது.