வெள்ளியங்கிரி: அப்பாவுடன் எதுவரை ஏறலாம்?

ஈரோட்டுப் பையன்:
வணக்கம்ங்க. அப்பாவுக்கு 61 வயது. இருபது வருடத்துக்கு முன்னால் கோவை வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் ஏறி, உச்சியில் இருக்கும் ஆண்டவரைப் பார்த்துவிட்டு வந்தவர். இந்த மாசி முடிவதற்குள் இன்னொரு தடவை போயே ஆக வேண்டும் என்கிறார். வலது முழங்கால்தான் பிரச்சினை, படி இறங்கும்போது பிடித்துக்கொள்கிறது. "முடிகிற வரை ஏறுவோம், முடியாவிட்டால் திரும்பிடலாம்" என்கிறார். அப்படிக் கிளம்பலாமா?

மலைப்பித்தன்:
முதலில் ஒன்று கேட்கிறேன். பிரஷர், இதயம், ஆஸ்துமா ஏதாவது உண்டா? அதெல்லாம் இருப்பவர்கள் ஏறவே வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. 2024 சீசனில் ஏறும்போதே உயிர் போனவர்கள் உண்டு.

ஈரோட்டுப் பையன்:
இல்லைங்க. போன வாரம் இசிஜி உட்பட எல்லாம் பார்த்தோம். மூட்டுத் தேய்மானம் மட்டும்தான்.

பேரூர் அண்ணன்:
தம்பி, "முடிகிற வரை" என்று மட்டும் கிளம்பாதீங்க. எங்கள் மாமாவை அப்படித்தான் கூட்டிப்போனேன். அவருக்கு அப்போது 57. ராத்திரி அடிவாரத்தில், பூண்டியில் தடி வாங்கிக்கொண்டு கிளம்பினோம். ஏறும்போது என்னை முந்திக்கொண்டு போனார், மூச்சுக்கூட வாங்கவில்லை. கால் போனது இறக்கத்தில். கடைசியாக இறங்குவது முதல் மலை. அந்தக் கல்படிகள் ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். நல்ல வெயிலில், ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, கையை ஊன்றி, காலை நீட்டி அடுத்த படிக்கு நகர்ந்தார். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. "என்னை விட்டுட்டுப் போடா" என்று அவர் சொன்னதை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கும்.

உச்சியில் நிற்கும்போது பாதிதான் முடிந்திருக்கும். ஒரு வழி மட்டும் சுமார் 6 கி.மீ. அதனால் திரும்பும் இடத்தைப் பூண்டியிலேயே பேசி முடிவு செய்யுங்க. உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது முதல் மலை முடிவில் இருக்கும் வெள்ளை விநாயகர் கோயில். அங்கேயே உட்கார வைத்து, காலை மடக்கி நீட்டச் சொல்லிப் பாருங்க. வலி தெரிந்தால் அத்தோடு சரி. வலியே இல்லாவிட்டால் இரண்டாவது மலையில் பாம்பாட்டிச் சுனை, மிஞ்சினால் மூன்றாவதில் கைதட்டிச் சுனை.

ஆண்டி சுனைப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். ஆறாவது மலையில் சுனைக்கு இறங்கித்தான் ஏழாவதைப் பிடிக்க வேண்டும். அங்கே இறங்குவதை எல்லாம் திரும்பும்போது ஏறியாகணும். அத்தனை தூரம் வந்துவிட்டால் அப்பாவைத் திருப்பவும் முடியாது, ஏழாவது மலையான சாமி முடி எதிரிலேயே நிற்கும்.

மலைப்பித்தன்:
அண்ணன் சொல்வது சரி. ராத்திரி ஏறினால் வெயில் தெரியாது, ஆனால் மூட்டு வலிக்காரருக்கு இருட்டில் படி தெரியாதது அதைவிட மோசம். முதல் மலை மட்டும் என்றால் விடிந்ததும் கிளம்புங்க. ஆளுக்கு ஒரு மூங்கில் தடி கட்டாயம். அப்புறம், அடிவாரத்திலேயே வெள்ளியங்கிரி ஆண்டவரும் மனோன்மணி அம்மனும் இருக்கிறார்கள். அங்கே நின்று கும்பிட்டாலும் ஆண்டவரைப் பார்த்ததுதான்.

ஈரோட்டுப் பையன்:
மாமா கதையை அப்பாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "சரி, வெள்ளை விநாயகர் வரைக்கும்" என்றார். இப்போது பரணிலிருந்து அந்தப் பழைய தடியை இறக்கி வைத்து, அடியில் பிளந்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.